தெரிவுப் பட்டியல் வளர்ந்த வரலாறு

ஒருவரிடம் வினாவொன்றைக் கேட்டு, அதற்குரிய விடையை எழுத்திலே பெறுவதற்கு இரு வழிகள் உள்ளன. வினாவின் கீழே வெற்றிடம் விட்டு, விடையளிப்பவர் தம் சொற்களாலேயே எழுதுமாறு விடுதல் ஒரு வழி. ஏற்கத்தக்க விடைகளை முன்னரே வரிசைப்படுத்தி வைத்து, அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்குமாறு கூறுதல் மற்றைய வழி. இன்று கணினித் திரையிலே தோன்றும் இலத்திரனியற் படிவங்கள் நாடு, மாவட்டம், தொழில், பால், மொழி ஆகியவற்றைப் பெரும்பாலும் இரண்டாவது வழியாலேயே கேட்கின்றன. சிறிய அம்புக்குறியொன்றைத் தொட்டவுடன் கீழ்நோக்கி விரியும் அந்த நிரலே தெரிவுப் பட்டியல் எனப்படுவது.

இப்பட்டியல் கணினியோடு பிறந்ததன்று. மக்களைப் பெருந்தொகையாக எண்ண வேண்டிய தேவை அரசாங்கங்களுக்கு ஏற்பட்ட காலத்திலேயே இது தோன்றிவிட்டது. அதன் வரலாற்றை ஆராயுமிடத்து ஓர் உண்மை புலனாகும். விடைகளின் பட்டியலை வகுப்பவர், விடையளிப்பவர் வாய் திறப்பதற்கு முன்னரே, அவர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல இயலாது என்பதையும் வகுத்துவிடுகிறார். பட்டியலில் அடங்குவோர்க்கு அது பெரும் வசதி. அடங்காதோர் தமக்குப் பொருந்தாத பெயரொன்றை ஏற்கவேண்டும், அல்லது கணக்கிலிருந்தே விடுபடவேண்டும். தெரிவுப் பட்டியலின் வரலாறு, எண்ணுவோரின் வசதிக்கும் எண்ணப்படுவோரின் உண்மைக்கும் இடையே நிகழ்ந்துவரும் இழுபறியின் வரலாறே எனலாம்.

ஐக்கிய அமெரிக்காவிலே பத்தாண்டுக்கு ஒருமுறை குடிசன மதிப்பு எடுத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் விதி. முதலாவது மதிப்பு 1790ஆம் ஆண்டில் நடைபெற்றது. 1880ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் சனத்தொகை ஐந்து கோடியை எட்டியிருந்தது. கணக்கெடுப்போர் வீடு வீடாகச் சென்று பெற்ற விடைகள் தாள்களிலே கையால் எழுதப்பட்டன. வாஷிங்டன் நகரிலே இருந்த எழுதுவினைஞர் அவற்றை வரி வரியாக வாசித்துக் கோடிட்டு எண்ணினர். வயதுவாரியாக ஒருமுறை எண்ணியபின், தொழில்வாரியாக அறிய வேண்டுமாயின் அதே தாள்களை மீண்டும் முதலிலிருந்து எடுக்கவேண்டும். பிறந்த நாட்டையும் தொழிலையும் சேர்த்து நோக்க வேண்டுமாயின் வேலை மேலும் பெருகும். அம்மதிப்பின் தொகுப்பு வேலை முற்றுப்பெற ஏழாண்டுகளுக்கு மேல் சென்றன. மக்கள்தொகையோ விரைந்து பெருகிக்கொண்டிருந்தது. பழைய முறையைப் பின்பற்றினால் ஒரு மதிப்பின் கணக்கு முடியுமுன்னரே அடுத்த மதிப்பு வந்துவிடும் என்ற அச்சம் உண்டாயிற்று.

இச்சிக்கலைத் தீர்த்தவர் ஹெர்மன் ஹொலெரித் என்பவர். 1860ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்துப் பபலோ நகரிலே பிறந்த இவர், கொலம்பியாவிலே சுரங்கப் பொறியியல் பயின்று, 1880ஆம் ஆண்டு மதிப்பிலே பணியாற்றியவர். அங்கே மேலதிகாரியாயிருந்த ஜோன் ஷோ பில்லிங்ஸ், இத்தகைய எண்ணல் வேலையைச் செய்ய ஒரு பொறி வேண்டும் என்று கூறியது இவர் உள்ளத்திலே பதிந்தது. மற்றொரு குறிப்பை இவருக்குப் புகையிரதப் பயணமொன்று அளித்தது. அக்காலத்து அமெரிக்கப் புகையிரதங்கள் சிலவற்றிலே, ஒருவரின் பயணச்சீட்டை வேறொருவர் களவாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதற்கு, சீட்டின் ஓரத்திலே பயணியின் அடையாளங்கள் அச்சிடப்பட்டிருந்தன. தலைமயிர் கரியதா, வெளிறியதா, மூக்குப் பெரியதா, சிறியதா என்றவாறு நிரல்கள் அமைந்திருந்தன. சீட்டுப் பரிசோதகர் பொருத்தமான சொல்லின்மேல் துளையிடுவார். அத்துளைகளைப் பார்த்தே சீட்டுக்குரியவர் இன்னார் என உணரலாம். மனிதர் ஒருவரைச் சொற்களால் வருணியாது, முன்னமே அச்சிட்ட தெரிவுகளின்மேல் இட்ட துளைகளால் வருணிக்கலாம் என்ற எண்ணம் ஹொலெரித்துக்கு இவ்வாறே வலுப்பெற்றது.

1889ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் தம் முறைக்கு அவர் ஆக்கவுரிமை பெற்றார். அதே ஆண்டில், அடுத்த மதிப்புக்குரிய முறையைத் தெரிவுசெய்வதற்காக மூன்று முறைகளுக்கிடையே போட்டியொன்று நடத்தப்பட்டது. சென்ற் லூயிஸ் நகரத்துப் பழைய தகவல்களே மூவருக்கும் கொடுக்கப்பட்டன. தகவல்களை அட்டைக்கு மாற்ற ஹொலெரித்தின் முறைக்கு 72½ மணித்தியாலம் சென்றது. அதற்கு அடுத்ததாய் வந்த முறைக்கு 100½ மணித்தியாலம் சென்றது. மாற்றிய தகவல்களைத் தொகுத்து எண்ணுவதிலேதான் பெரும் வேறுபாடு காணப்பட்டது. ஏனைய முறைகள் 44½ மணித்தியாலமும் 55½ மணித்தியாலமும் எடுத்த வேலையை ஹொலெரித்தின் பொறி 5½ மணித்தியாலத்தில் முடித்தது. 1890ஆம் ஆண்டு மதிப்புக்கு அம்முறையே ஏற்கப்பட்டது.

அதன் செயன்முறை எளிது. ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை. அட்டையிலே குறிப்பிட்ட ஓரிடத்தில் துளையிருந்தால் ஆண். வேறோரிடத்தில் இருந்தால் பெண். பிறந்த நாடு, விவாக நிலை, தொழில் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இவ்வாறே தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அட்டையைப் பொறியில் வைத்து அழுத்தும்போது, துளையுள்ள இடங்களின் வழியே மட்டும் ஊசிகள் இறங்கிக் கீழேயுள்ள பாதரசக் கிண்ணங்களைத் தொடும். உடனே மின்சுற்றுப் பூர்த்தியாகி, உரிய எண்முகப்பு ஓர் எண் முன்னேறும். ஆறு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் கணக்கு இவ்வண்ணம் தொகுக்கப்பட்டது. ஹொலெரித் 1896ஆம் ஆண்டில் தொடங்கிய கம்பனி, 1911ஆம் ஆண்டில் வேறு கம்பனிகளுடன் இணைந்து, 1924ஆம் ஆண்டில் ஐ.பி.எம். என்னும் பெயரைப் பெற்றது.

இம்முறையின் வெற்றியினுள்ளே ஒரு நிபந்தனை மறைந்திருந்தது. துளைக்கென இடம் ஒதுக்கப்படாத விடையைப் பொறி எண்ணமாட்டாது. தாளிலே ஒருவர் எதை வேண்டுமாயினும் எழுதலாம். அட்டையிலோ முன்னரே வகுத்த இடங்களுள் ஒன்றிலேதான் துளை விழவேண்டும். 1890ஆம் ஆண்டு மதிப்பிலே மக்களின் நிறத்தையும் இனத்தையும் குறிக்க எட்டு வகைகள் வகுக்கப்பட்டன. வெள்ளையர், கறுப்பர், சீனர், யப்பானியர், அமெரிக்க முதற்குடியினர் என்பவற்றோடு, கலப்பு மரபினரைக் கறுப்பினக் குருதியின் பங்கைக் கொண்டு மூன்றாகப் பிரித்தனர். எட்டில் மூன்று முதல் எட்டில் ஐந்து வரை உடையோர் ஒரு வகை. நாலிலொன்று உடையோர் ஒரு வகை. எட்டிலொன்றோ அதனினும் குறைவோ உடையோர் மற்றொரு வகை. வீட்டு வாசலிலே நின்ற கணக்கெடுப்பாளர் ஒருவரின் முன்னோரது குருதியைப் பின்னவாரியாக எவ்வாறு அளப்பார்? அவர் கண்ட தோற்றமே விடையாயிற்று. இத்தொகைகள் பயனற்றவை என மதிப்புத் திணைக்களமே பின்னர் ஒப்புக்கொண்டது. 1900ஆம் ஆண்டு மதிப்பிலே அம்மூன்று பிரிவுகளும் கைவிடப்பட்டன. பொறி பிழையின்றி எண்ணியது; பட்டியலே பிழையாயிருந்தது.

பட்டியலின் ஒரு வரி கூடுவதும் குறைவதும் மக்கள் வாழ்வோடு எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு இலங்கையிலும் சான்றுண்டு. இலங்கையின் முதலாவது முழுமையான குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது; அப்போதைய சனத்தொகை ஏறத்தாழ 24 இலட்சம். தொடக்கத்திலே தமிழர் யாவரும் ஒரே தலைப்பின் கீழ் எண்ணப்பட்டனர். 1911ஆம் ஆண்டு மதிப்பிலே அவ்வொரு வரி, இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு வரிகளாயிற்று. முதலாம் பிரிவில் ஏறத்தாழ 5 இலட்சத்து 28 ஆயிரம் பேரும், இரண்டாம் பிரிவில் ஏறத்தாழ 5 இலட்சத்து 31 ஆயிரம் பேரும் கணக்கிடப்பட்டனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டங்களிலே வாழ்ந்த பெருந்தொகையினர் நாடற்றவராயினர். அத்துயருக்குக் குடிசனப் பட்டியலே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. அதன் காரணங்கள் அரசியலிலே உள்ளன. எனினும், பட்டியலின் ஒரு வரியாக இடப்பட்ட பெயர், அலுவலகங்களிலும் ஆவணங்களிலும் வழங்கி, தலைமுறை தலைமுறையாக ஒரு மக்கட் கூட்டத்தின்மேல் நிலைத்துவிட்டது என்பதை மறுக்கவியலாது. இந்நாட்டிலே பிறந்து இந்நாட்டிலேயே மடிந்தோரும் பட்டியலில் இந்தியத் தமிழராகவே இருந்தனர். மலையகத் தமிழர் என்ற பெயரை அம்மக்கள் விரும்பி வேண்டியமைக்கும் இதுவே காரணம்.

துளையட்டையின் இடத்தைப் பின்னர் இலத்திரனியற் கணினி பெற்றது. 1951ஆம் ஆண்டிலே யூனிவாக் என்னும் கணினி அமெரிக்க மதிப்புத் திணைக்களத்துக்குக் கையளிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு மதிப்பிலே, படிவத்தில் கருமையாக்கிய சிறு வட்டங்களை நுண்படச் சுருளிலிருந்து ஒளியின் உதவியால் வாசிக்கும் பொறி பயன்பட்டது. இக்காலத்திலேயே வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. தபால் மூலம் படிவங்கள் அனுப்பப்பட, பட்டியலிலிருந்து விடையைத் தெரிபவர் கணக்கெடுப்பாளராக அன்றி மக்களாகவே ஆகத் தொடங்கினர். பயிற்சி பெற்ற உத்தியோகத்தருக்கென எழுதிய சொற்களைப் பொதுமக்களும் அதே பொருளில் உணர்வரோ என்ற வினா அப்போது எழுந்தது.

அதற்கு விடை 1970ஆம் ஆண்டிலே கிடைத்தது. ஸ்பானிய மரபினரை அறியும் பொருட்டு நூற்றுக்கு ஐந்து வீட்டாரிடம் ஒரு வினா கேட்கப்பட்டது. மெக்சிக்கோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா என்பவற்றை அடுத்து, மத்திய அல்லது தென் அமெரிக்கர் என்றொரு தெரிவும் இருந்தது. பட்டியலை ஆக்கியோர் கருதியது பிறேசில், பெரு போன்ற நாடுகள் அமைந்த பெருநிலப்பரப்பை. ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மாநிலங்களிலும் தென் மாநிலங்களிலும் வாழ்ந்தோர் பலர், தாமும் மத்திய அமெரிக்கர், தென் அமெரிக்கர் என்றே கருதி அதைக் குறித்தனர். இவ்வாறு இலட்சக்கணக்கானோர் தவறாக அப்பிரிவிலே சேர்ந்தனர். மக்கள் பொய்யுரைத்தாரல்லர்; வாசித்தபடியே விடையளித்தனர். பட்டியலின் சொல்லை ஆக்குவோர் பொருள்கொள்ளும் முறையும் அதை வாசிப்போர் பொருள்கொள்ளும் முறையும் வேறுபடக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இதனிடையே தெரிவுப் பட்டியல் தாளைவிட்டுத் திரைக்கு ஏறியது. தொடக்கக் காலத்துக் கணினியிலே வேலை செய்தோர், குறியீடுகளை மனத்திலிருத்தி விசைப்பலகையிலே தட்டவேண்டியிருந்தது. ஓர் எழுத்துப் பிறழ்ந்தாலும் பிழையாகும். 1981ஆம் ஆண்டிலே ஸெரொக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் என்னும் கணினி இதற்கு மாறான கொள்கையைக் கைக்கொண்டது. நினைவிலிருத்தித் தட்டுவதைவிடக் கண்ணாற் கண்டு சுட்டுவது மனிதருக்கு எளிது என்பதே அக்கொள்கை. இயலக்கூடிய தெரிவுகள் யாவும் திரையிலே தோன்ற, மவுஸ் என்னும் சுட்டியால் அவற்றுள் ஒன்றைத் தொட்டாற் போதும். அப்பிள் நிறுவனத்தின் லீசா 1983ஆம் ஆண்டிலும், மக்கின்ரோஷ் 1984ஆம் ஆண்டிலும் இம்முறையைப் பலரிடம் கொண்டுசென்றன.

உலகளாவிய வலையிலே தெரிவுப் பட்டியலுக்கு நிலையான இலக்கணம் 1995ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே வகுக்கப்பட்டது. வலைப் பக்கங்களை எழுதுவதற்குரிய எச்.ரி.எம்.எல். என்னும் மொழியின் இரண்டாம் பதிப்பு அவ்வாண்டு வெளியாயிற்று. நிரல் ஒன்றைத் தொடங்குவதற்கு ஒரு குறியும், அதனுள் அடங்கும் ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு குறியும் அதிலே விதிக்கப்பட்டன. திரையிலே வாசகர் காணும் சொல் வேறாகவும், கணினிக்கு அனுப்பப்படும் மதிப்பு வேறாகவும் இருக்கலாம் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. ஆதலின் ஒரே பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் காட்டி, விடைகளை ஒரே குறியீட்டாற் சேமிக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட தெரிவுகளை ஏற்கும் நிரலுக்கும் அங்கே இடமளிக்கப்பட்டது.

அவ்விலக்கணத்தின் ஒரு விதி தனித்து நோக்கற்பாலது. ஒன்றையே தெரியும் நிரலில் எத்தெரிவும் முன்கூட்டிக் குறிக்கப்படாதவிடத்து, முதலாவது தெரிவே குறிக்கப்பட்டதாகப் படிவம் தொடங்கும். நாடுகளின் நிரல் ஆங்கில அகரவரிசையில் அமைந்து, ஒருவர் அதைக் கவனியாது படிவத்தை அனுப்புவாராயின், அவர் அப்கானிஸ்தானத்தில் வாழ்வதாகப் பதிவாகிவிடும். விடையளிக்காமை வேறு, முதல் விடையைத் தெரிந்தமை வேறு. தாளிலே வெற்றிடம் வெற்றிடமாகவே தோன்றும். திரையிலோ அவ்வேறுபாடு மறைந்து, ஒருவர் சொல்லாத விடை அவர் பெயரால் ஏறிவிடுகிறது. கட்டாயமாக விடையளிக்கவேண்டிய ஒற்றைத் தெரிவு நிரலின் முதல் வரி மதிப்பற்ற வரியாயிருத்தல் வேண்டும் என்று பிற்காலத்து நியமம் விதித்தது இக்குறையை நீக்குவதற்கே.

நாடுகளின் நிரலிலே இன்னுமொரு சிக்கல் உண்டு. சர்வதேச நியம நிறுவனம் நாடுகளுக்குரிய இரண்டெழுத்து, மூன்றெழுத்துக் குறியீடுகளை 1974ஆம் ஆண்டிலே முதன்முதல் வெளியிட்டது. இலங்கைக்குரிய இரண்டெழுத்துக் குறியீடு எல், கே என்பன. படிவம் ஆக்குவோர் பலர் அப்பட்டியலையே எடுத்தாளுகின்றனர். 2008ஆம் ஆண்டிலே கொசோவோ தன் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தது. பல நாடுகள் அதை அங்கீகரித்தன, பல நாடுகள் அங்கீகரிக்கவில்லை. நியமப் பட்டியலில் அதற்கென இடமின்மையால், அந்நாட்டார் வலைப் படிவங்களிலே தம் நாட்டின் பெயரைத் தேடிக் காணாது, அயல்நாட்டின் பெயரைத் தெரியவேண்டியவராயினர். பேஸ்புக் 2013ஆம் ஆண்டிலே தன் நிரலில் கொசோவோவைச் சேர்த்தபோது, அந்நாட்டார் அதை ஓர் அரசியல் வெற்றியாகவே கொண்டாடினர். படிவத்தின் ஒரு வரி அங்கீகாரத்தின் அடையாளமாயிற்று.

வரிசையும் வடிவமும் வெறும் அழகுக்குரியன அல்ல என்பதை 2000ஆம் ஆண்டின் அமெரிக்க சனாதிபதித் தேர்தல் உணர்த்திற்று. புளோரிடா மாநிலத்துப் பாம் பீச் மாவட்டத்திலே, வேட்பாளர் பெயர்கள் வாக்குச்சீட்டின் இரு பக்கங்களிலும் அச்சிடப்பட்டு, துளையிடும் இடங்கள் நடுவிலே ஒரே வரிசையாக அமைந்திருந்தன. முதியோர் எளிதில் வாசிக்கும்படி எழுத்தைப் பெரிதாக்க விரும்பியதே அவ்வமைப்புக்குக் காரணம். இடப்பக்கத்திலே முதலாவதாகப் புஷ் பெயரும், அதன் கீழே இரண்டாவதாகக் கோர் பெயரும் இருந்தன. ஆயின் இரண்டாம் துளை வலப்பக்கத்து வேட்பாளரான புக்கானனுக்கு உரியது. கோருக்கு உரியது மூன்றாம் துளை. அம்மாவட்டத்திலே 19,000க்கு மேற்பட்ட சீட்டுகள் இரண்டு பெயருக்குத் துளையிட்டமையால் நிராகரிக்கப்பட்டன. புளோரிடாவிலே புஷ் பெற்ற வெற்றியின் பெரும்பான்மையோ 537 வாக்குகள் மாத்திரமே. நன்னோக்கத்தோடு செய்த ஒரு பட்டியல் அமைப்பு, பல்லாயிரம் பேரின் விருப்பத்தைச் சிதறடிக்கப் போதுமானதாயிற்று.

அதே 2000ஆம் ஆண்டிலே பட்டியலின் நற்பயனும் வெளிப்பட்டது. இனம் பற்றிய வினாவுக்கு ஒன்றோ பலவோ குறிக்கலாம் என்று 1997ஆம் ஆண்டிலே விதி திருத்தப்பட்டு, அடுத்த மதிப்பிலே அது நடைமுறைக்கு வந்தது. தந்தையின் இனத்தையோ தாயின் இனத்தையோ மறைத்து மற்றொன்றை மட்டும் கூறவேண்டிய கட்டாயம் நீங்கியது. ஆறு வகைகளைக் கொண்டு 63 விதமான சேர்க்கைகள் உண்டாயின. அவற்றைத் தொகுப்பது கணினிக்குப் பாரமாகவில்லை. ஏறத்தாழ 68 இலட்சம் பேர், அஃதாவது மக்களில் 2.4 வீதத்தினர், ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறித்தனர். நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன் கணக்கெடுப்பாளரின் கண்ணளவால் பின்னமாக்கப்பட்ட ஒரு கூட்டத்தார், இப்போது தம் கையாலேயே தம்மைக் குறித்தனர். இந்தியாவிலும் 2011ஆம் ஆண்டு மதிப்பிலே, ஆண், பெண் என்னும் இரு தெரிவுகளோடு ஏனையோர் என்ற மூன்றாம் தெரிவும் வைக்கப்பட்டது. 4,87,803 பேர் அதன்கீழ்ப் பதிவாயினர். அவர்கள் அதற்கு முன்னரும் அந்நாட்டிலே வாழ்ந்தவர்களே. அவர்களைக் காட்டும் வரிதான் இருக்கவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து படிவம் ஆக்குவோர் அறியத்தக்கவை சில உள. விடைகள் உண்மையிலேயே வரையறுக்கப்பட்டனவாயின் மட்டுமே பட்டியல் பொருந்தும். மாதங்கள் பன்னிரண்டு என்பதுபோல மனிதரின் தொழில்களை முடித்துவிட இயலாது. முதல் வரி விடையாக இராது, தெரியுமாறு வேண்டும் வரியாக இருத்தல் நன்று. பட்டியலுக்குப் புறம்பானோர்க்கு வேறு என்ற தெரிவும், அதனருகே எழுதுவதற்கு இடமும் வேண்டும். அவ்விடத்திலே எழுதப்படுவனவற்றைக் காலந்தோறும் வாசித்துப் பட்டியலைத் திருத்தவும் வேண்டும். பல விடை உடையோரை ஒரு விடைக்குள் அடக்கலாகாது. சொற்கள் ஆக்கியோருக்கு விளங்கினாற் போதாது. விடையளிப்போர் சிலரிடமேனும் முன்னர்க் காட்டி, அவர்கள் கொள்ளும் பொருளை அறிதல் வேண்டும்.

தாளிலே எழுதிய காலத்தில், பட்டியலிலே தம் விடையைக் காணாதவர் ஓரத்திலே ஒரு குறிப்பையாவது எழுதிவைக்கலாம். எழுதுவினைஞர் ஒருவர் அதை வாசிப்பார். இலத்திரனியற் படிவத்துக்கு அத்தகைய ஓரம் இல்லை. தெரிவொன்றைக் குறித்தாலன்றி அடுத்த பக்கத்துக்குச் செல்ல அது விடுவதுமில்லை. பிறப்புப் பதிவும், பாடசாலை அனுமதியும், நிவாரண விண்ணப்பமும் திரையின் வழியே நடைபெறும் இக்காலத்தில், ஒரு வரியின் குறைவால் ஒருவரின் உரிமையே தடைப்படக்கூடும். ஆதலின், தெரிவுப் பட்டியலை வகுக்கும் வேலை கணினி வல்லுநருக்கு மட்டும் உரிய சிறு வேலையன்று. மக்களை அறிந்தவரும் மொழியை அறிந்தவரும் அதிலே பங்குகொள்ளல் வேண்டும் என்பதே துளையட்டைக் காலந்தொட்டு இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.